டிஸ்க் டிரைவர் கெர்னலை வீழ்த்தும்போது: காரணத்தைத் தேடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒலி அட்டையின் டிரைவர் (அதை இயக்கும் நிரல்) இயங்குதளத்தின் மையமான கெர்னலை வீழ்த்தினால், நடந்ததைச் சொல்லும் பதிவு பெரும்பாலும் டிஸ்கில் எஞ்சியிருக்கும். கணினியை மறுபடி இயக்கிப் பொறுமையாகப் படித்துக்கொள்ளலாம். டிஸ்கின் டிரைவரே கிராஷ் ஆகும்போது அந்த வசதி கிடையாது, ஏனென்றால் பதிவு போய்ச் சேர வேண்டிய பாதையே அறுந்துவிட்டது. திரை உறைந்து நிற்கும். மறுதொடக்கத்துக்குப் பின் பதிவுக் கோப்பைத் திறந்தால், கிராஷுக்குச் சற்று முன்பு வரையிலான சாதாரண வரிகளோடு அது முடிந்திருக்கும். புதியவர்கள் பலர் இந்த இடத்திலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தளர வேண்டியதில்லை, சான்றை வேறு வழியாக வெளியே எடுக்கவும், கிடைத்த சான்றில் கெர்னல் விழுந்த இடத்தையும் பிழை செய்யப்பட்ட இடத்தையும் வேறுபடுத்திப் பார்க்கவும் கற்றுக்கொண்டால், இவ்வகைப் பிழைகளும் மற்றவற்றைப் போலவே பிடிபடும்.

இங்கே சொல்லப்படுபவை லினக்ஸ் கெர்னலையும் 64 பிட் எக்ஸ்86 கணினியையும் மனத்தில் வைத்தவை. சி மொழியைப் படிக்கவும் கெர்னலைக் கம்பைல் செய்து நிறுவவும் உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன்.

தொடங்கும் முன் தரவைக் காப்பாற்றுங்கள்

டிரைவரில் பிழை இருக்கிறது என்ற ஐயம் எழுந்த அந்த நொடியிலிருந்து, அந்த டிரைவரின் வழியே எழுதப்படும் ஒவ்வொரு பைட்டும் நம்பத்தகாதது. எனவே முக்கியமான கோப்புகளை வேறொரு கணினிக்கு நகலெடுத்துவிட்டு, சோதனைக்கென்று இழந்தாலும் பரவாயில்லை என்னும் டிஸ்க் ஒன்றைத் தனியே ஒதுக்குங்கள். கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கருவியைப் பழுதுபட்ட டிரைவரின் மேல் ஓடவிடாதீர்கள். அது திருத்துவதாக எண்ணி எழுதுவதும் அதே டிரைவர் வழியாகத்தான் போகும்.

வன்பொருளே பழுதாக இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஸ்மார்ட்சிடிஎல் கருவி டிஸ்கின் உள்பதிவைக் காட்டும். சாட்டா டிஸ்குகளில் 199 என்ற எண்ணுள்ள பண்பு, கேபிள் வழிப் பரிமாற்றத்தில் நேர்ந்த சிஆர்சி பிழைகளை, அதாவது தரவு வழியில் சிதைந்ததைக் காட்டும் பிழைகளை, எண்ணிவைப்பது. அது ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றுங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். வன்பொருள் பழுதடைந்தால் டிரைவர் பிழைச் செய்தி தர வேண்டுமே தவிர, கெர்னலை வீழ்த்தக் கூடாது. கேபிளை மாற்றியதும் கிராஷ் நின்றுவிட்டால், டிரைவரின் பிழை கையாளும் பகுதியில் இன்னும் ஓட்டை இருக்கிறது என்றே பொருள். அந்தப் பழைய கேபிளைத் தூக்கி எறியாமல் சோதனைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

சான்றை டிஸ்கைத் தொடாமல் வெளியே எடுத்தல்

மிக எளிய வழி சீரியல் கன்சோல். கெர்னலின் தொடக்க அளவுருக்களில் கன்சோலைச் சீரியல் போர்ட்டுக்குத் திருப்பிவிட்டு, மறுமுனையில் இன்னொரு கணினியில் வருவதையெல்லாம் கோப்பில் பிடித்துக்கொள்ளலாம். சர்வர்களில் தொலைமேலாண்மைச் சிப் இதே வசதியை நெட்வொர்க் வழியாகத் தரும். மெய்நிகர்க் கணினியென்றால் இது ஒரே வரி அமைப்பு. சீரியல் போர்ட் இல்லாத மடிக்கணினியில் நெட்கன்சோல் உதவும். அது கெர்னல் செய்திகளை யூடிபி பொட்டலங்களாக மற்றொரு கணினிக்கு அனுப்புகிறது. பொட்டலம் போய்ச் சேர்ந்ததா என்று யூடிபி சரிபார்க்காது என்பதால் சில வரிகள் தொலையக்கூடும், ஆயினும் ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். மூன்றாவது வழி பிஸ்டோர்: யூஇஎஃப்ஐ என்னும் தொடக்க ஃபர்ம்வேரின் நினைவகத்திலோ, மறுதொடக்கத்திலும் அழியாமல் ஒதுக்கிவைத்த ரேம் பகுதியிலோ கடைசிச் செய்திகளை எழுதிவைத்து, அடுத்த முறை கணினி எழும்போது கோப்புகளாகக் காட்டும்.

இவை செய்திகளை மட்டுமே தருபவை. விழுந்த கணத்தில் நினைவகம் முழுவதும் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் கேடம்ப் தேவை. கணினி தொடங்கும்போதே ஒரு பகுதி ரேமை ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றை ஏற்றி வைத்திருப்பார்கள்; முதல் கெர்னல் பேனிக் ஆனதும், அதாவது மீள முடியாமல் நின்றதும், இரண்டாவது எழுந்து, முதலாவதின் நினைவகத்தைக் கோப்பாகச் சேமிக்கும். டிஸ்க் டிரைவரைத் தேடுபவர் கவனிக்க வேண்டிய கண்ணி இங்கேதான் இருக்கிறது. இரண்டாவது கெர்னலும் வழக்கமாக அதே டிரைவரைக் கொண்டு அதே டிஸ்கில்தான் எழுதப் பார்க்கும். போதாக்குறைக்கு, முறையாக நிறுத்தப்படாத சாதனம் என்ன நிலையில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே சேமிக்கும் இடத்தை எஸ்எஸ்ஹெச் அல்லது என்எஃப்எஸ் வழியாக வேறொரு கணினிக்கு மாற்றிவிடுங்கள். பிறகு, சோதனைக் கணினியில் கெர்னலுக்கு விசைகளால் நேரடியாகக் கட்டளையிடும் சிஸ்ஆர்கியூ வசதியின் சி விசையால் வேண்டுமென்றே ஒரு கிராஷ் செய்து, கோப்பு உண்மையில் வந்து சேருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அமைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் இதைத் தவிர்த்தால், பல நாள் காத்திருந்து வந்த அரிய கிராஷ் கைநழுவிப் போகும்.

கேடம்ப் அமைத்த பின் இன்னும் ஓர் அமைப்பு தேவை. ஊப்ஸ் எனப்படும், கெர்னலின் உள்ளேயே நேரும் பிழை வந்தாலும் கெர்னல் பல சமயம் அந்தப் பணியை மட்டும் கொன்றுவிட்டுத் தொடர்ந்து ஓட முயலும். ஊப்ஸ் வந்தால் உடனே பேனிக் ஆகச் சொல்லும் சிஸ்கண்ட்ரோல் அமைப்பை (ஓடும் கெர்னலின் நடத்தையை மாற்றும் அமைப்புகளில் ஒன்று) 1 ஆக்கினால்தான் சான்று புதிதாக இருக்கும்போதே பிடிபடும்.

சில கிராஷ்கள் கிராஷே அல்ல, உறைவு மட்டுமே. செயல்முறை ஒன்று 120 விநாடிக்கு மேல் அசையாமல் காத்திருந்தால் கெர்னல் அதைப் பற்றி எச்சரிக்கும். அப்போது சிஸ்ஆர்கியூவின் டபிள்யூ விசை, காத்துக்கிடக்கும் எல்லாப் பணிகளின் ஸ்டாக்கையும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலையும்) கன்சோலில் கொட்டும். அதில் எல்லோரும் ஒரே பூட்டுக்காக (ஒரே சமயத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் லாக்) நிற்பது தெரிந்தால், அந்தப் பூட்டை வைத்திருப்பவர் யார் என்பதே உங்கள் கேள்வி.

ஊப்ஸ் செய்தியைப் படித்தல்

செய்தி நீளமாகவும் அச்சுறுத்துவதாகவும் இருக்கும், ஆனால் அதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில், பதிவில் உள்ள ஊப்ஸ்களில் எது முதலாவது என்று பாருங்கள். ஒன்றுக்குப் பின் பத்து வந்திருந்தால் பின்னால் வந்தவை பெரும்பாலும் முதலாவதின் விளைவுகளே. 'டெயின்டட்' என்னும் வரியில் உள்ள எழுத்துகள் இதற்கு உதவும்: அங்கே டி (D) என்ற எழுத்து இருந்தால் இதற்கு முன்பே ஓர் ஊப்ஸ் நடந்துவிட்டது, டபிள்யூ இருந்தால் முன்பே ஓர் எச்சரிக்கை வந்துவிட்டது. ஓ என்ற எழுத்து, கெர்னல் மரத்துக்கு (கெர்னலின் அதிகாரபூர்வ மூலநிரல் தொகுப்புக்கு) வெளியிலிருந்து வந்த மாட்யூல் ஏற்றப்பட்டதைக் காட்டுகிறது. அந்த மாட்யூலை நீக்கிவிட்டுச் சோதிக்காமல் பிழையைக் கெர்னலின் மேல் சுமத்துவது நியாயமல்ல.

அடுத்து, விழுந்தபோது சிபியூ எங்கே இருந்தது என்று காட்டும் ஆர்ஐபி வரி. அதில் ஃபங்ஷனின் பெயரும், கூட்டல் குறிக்குப் பின் ஓர் எண்ணும், சாய்கோட்டுக்குப் பின் இன்னோர் எண்ணும் இருக்கும். இரண்டும் பதினறும எண்கள்: முதலாவது ஃபங்ஷனின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் விழுந்தது என்பது, இரண்டாவது ஃபங்ஷனின் மொத்த நீளம். அதற்குக் கீழே வரும் ஸ்டாக் பட்டியலில் கேள்விக்குறியோடு தொடங்கும் வரிகளை உறுதியானவையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை ஸ்டாக்கில் கிடந்த பழைய முகவரிகளாக இருக்கலாம்.

பிழையான முகவரியின் வடிவம்தான் என் பார்வையில் செய்தியிலேயே அதிகம் பேசும் பகுதி. புதியவர்கள் அதை ஒரு குப்பை எண் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். முகவரி பூச்சியத்துக்கு அருகில், எடுத்துக்காட்டாக 18 என்று இருந்தால், பூச்சியப் பாயின்டர் ஒன்றை ஸ்ட்ரக்ட் என்று நம்பி அதன் உறுப்பைப் படித்திருக்கிறார்கள். பதினறும 18 என்றால் 24ஆவது பைட்டில் தொடங்கும் உறுப்பு. பாஹோல் கருவியில் அந்த ஸ்ட்ரக்ட்டின் அமைப்பைப் பார்த்தால் எந்த உறுப்பு என்பது தெரிந்துவிடும். முகவரி முழுப் பரப்பின் உச்சியில், கடைசி 4095 பைட்டுக்குள் இருந்தால், பிழை எண்ணைத் தாங்கித் திரும்பி வந்த பாயின்டரைச் சரிபார்க்காமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். 'டெட்' (dead) என்ற நான்கு பதினறும எழுத்துகளோடு தொடங்கினால், பட்டியலிலிருந்து ஏற்கெனவே நீக்கப்பட்ட உறுப்பின் பாயின்டர் அது. கெர்னல் நீக்கும்போது வேண்டுமென்றே அந்த நச்சு மதிப்பை எழுதிவைக்கிறது. ஆறு, பி (6b) என்ற இணை திரும்பத் திரும்ப வந்தால், விடுவிக்கப்பட்ட நினைவகத்திலிருந்து படிக்கப்பட்டது. இது கெர்னலின் நினைவக ஒதுக்கியான ஸ்லப்பின் சோதனை வசதியை இயக்கியிருந்தால் மட்டும் தெரியும். இந்தக் கடைசி இரண்டு வகையும் பக்கப் பிழையாக (பேஜ் ஃபால்ட்) வராமல், பொதுப் பாதுகாப்புப் பிழையாகவே (ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட்) வரும், ஏனெனில் அவை எக்ஸ்86 ஏற்கும் முகவரி வடிவத்துக்குள் அடங்காதவை.

சேமிப்பக டிரைவருக்கே உரிய இன்னொன்று, செய்தியில் காணும் சிபியூ ரெஜிஸ்டர்களில் எல்லா பிட்டும் 1 ஆக இருக்கும் 32 பிட் மதிப்பு. பிசிஐ இணைப்பிலிருந்து சாதனம் மறைந்துபோனால், அதன் ரெஜிஸ்டரைப் படிக்கும் எல்லா முயற்சிக்கும் இதுவே விடையாக வரும். டிரைவர் அதை உண்மையான எண்ணாக எடுத்துக்கொண்டு, வரிசையின் குறியீட்டு எண்ணாகப் பயன்படுத்தினால், எல்லை தாண்டிய இடத்தில் கை வைக்கும். இப்படிப்பட்ட மதிப்பைக் கண்டால், கிராஷுக்கு முன்வந்த வரிகளில் இணைப்பு துண்டிப்பைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஃபங்ஷனின் பெயரிலிருந்து மூலநிரலின் வரி எண்ணுக்கு வர, கெர்னல் மரத்தின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள டிகோட் ஸ்டாக்டிரேஸ் என்னும் ஸ்கிரிப்டும் எஃப்ஆடர்2லைன் என்னும் ஸ்கிரிப்டும் போதும். ஆனால் பிழைத்திருத்தத் தகவலோடு கம்பைல் செய்த விஎம்லினக்ஸ் கோப்பும் மாட்யூலும், விழுந்த அதே கெர்னலின் அதே கட்டுமானமாக இருக்க வேண்டும். ஒரு கன்ஃபிக் தேர்வு மாறியிருந்தாலும் வரி எண் பிறழ்ந்து, தொடர்பில்லாத வரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்தக் கோரிக்கை அப்போது யாருடைய கையில் இருந்தது?

வரி கிடைத்தவுடன் அங்கே பூச்சியப் பாயின்டருக்கு ஒரு சோதனையைச் செருகிவிட்டு முடித்துக்கொள்ளும் ஆசை எழும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் பாயின்டர் ஏன் பூச்சியமாயிற்று என்பதே கேள்வி. விடை தெரியாமல் சோதனையைச் செருகினால், கிராஷாக வெளிப்பட்டுக்கொண்டிருந்த பிழை ஓசையின்றித் தரவைக் கெடுக்கும் பிழையாக மாறக்கூடும், அது முன்னதைவிடப் பன்மடங்கு கொடியது.

டிஸ்க் டிரைவர்களைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கணத்தில் இந்தக் கோரிக்கை (டிஸ்கில் படிக்கவோ எழுதவோ கேட்கும் வேண்டுகோள்) யாருக்குச் சொந்தம் என்பதுதான். 2014 ஜனவரியில் வந்த 3.13 பதிப்பிலிருந்து லினக்ஸின் பிளாக் அடுக்கில் (கோப்பு முறைமைக்கும் டிஸ்க் டிரைவருக்கும் இடைப்பட்ட பகுதியில்) பல வரிசை முறை இருக்கிறது. அதில் கோரிக்கைகளுக்கான இடங்கள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் டேக் என்னும் எண்ணால் அறியப்படுகிறது. பிளாக் அடுக்கு ஒரு கோரிக்கையை டிரைவரிடம் கொடுக்கிறது. டிரைவர் அதைச் சாதனத்துக்குரிய கட்டளையாக மாற்றி, டோர்பெல் ரெஜிஸ்டரில் எழுதிச் சாதனத்துக்குத் தெரிவிக்கிறது. சாதனம் வேலையை முடித்து, சிபியூவின் கவனத்தை அழைக்கும் இன்டரப்ட் எழுப்புகிறது. டிரைவர் டேக்கைக் கொண்டு கோரிக்கையைக் கண்டுபிடித்து, முடிந்தது என்று பிளாக் அடுக்கிடம் திருப்பித் தருகிறது.

இப்போது டோர்பெல்லில் எழுதிய அடுத்த வரியை நினைத்துப் பாருங்கள். வேகமான என்விஎம்இ டிஸ்க் வேலையை முடித்து, இன்னொரு சிபியூவில் இன்டரப்ட் வந்து, கோரிக்கை திருப்பித் தரப்பட்டு, அந்த டேக் வேறொரு புதிய கோரிக்கைக்கு வழங்கப்பட்டும்விட்டிருக்கலாம். டோர்பெல்லுக்குப் பின் டிரைவர் அந்தக் கோரிக்கையின் ஒரு புலத்தைத் தொட்டாலும் அது பிறருடைய பொருளைத் தொடுவதாகும். மெதுவான டிஸ்கில் ஆண்டுக்கணக்கில் வெளிப்படாத இப்பிழை, வேகமான டிஸ்கில் ஒரே நாளில் வெளிப்படும்.

இதன் இன்னொரு முகம் காலக்கெடு. பொதுவாக 30 விநாடிக்குள் விடை வராவிட்டால், பிளாக் அடுக்கு டிரைவரின் காலக்கெடு ஃபங்ஷனை அழைக்கிறது. அது கோரிக்கையைக் கைவிட்டுப் பிழையாக முடிக்கிறது. சாதனமோ 31ஆவது விநாடியில் விழித்தெழுந்து அதே டேக்குக்கு விடை அனுப்புகிறது. டிரைவர் அதைச் சரிபார்க்காமல் ஏற்றால், ஒன்று கோரிக்கை இருமுறை முடிக்கப்படும், அல்லது அந்த டேக்கைப் புதிதாகப் பெற்ற வேறொரு கோரிக்கை, தன் தரவு வந்து சேருமுன்னரே முடிந்ததாக அறிவிக்கப்படும். லினக்ஸின் என்விஎம்இ டிரைவர் இதைப் பிடிக்கவே, 16 பிட் கட்டளை எண்ணில் கீழ் 12 பிட்டை டேக்குக்கும் மேல் 4 பிட்டைத் தலைமுறை எண்ணுக்கும் வைத்திருக்கிறது. டேக் மறுபடி வழங்கப்படும்போது தலைமுறை எண் மாறுவதால் பழைய விடை அடையாளம் காணப்பட்டு ஒதுக்கப்படும். உங்கள் டிரைவரில் இத்தகைய காப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது முகம், சாதனத்தை நீக்கும்போது நடக்கும் அழிப்பு வரிசை. முதலில் புதிய கோரிக்கைகள் வருவதை நிறுத்த வேண்டும். பிறகு சாதனத்தை நிறுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் இன்டரப்ட் கையாளி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு எஞ்சிய கோரிக்கைகளைப் பிழையாக முடிக்க வேண்டும். டைமர்களையும் ஒத்திவைத்த பணிகளையும் ரத்து செய்ய வேண்டும். கடைசியாகவே நினைவகத்தை விடுவிக்க வேண்டும். நான் பார்த்தவரை, இந்த வரிசையில் ஏதோ ஒன்று இடம் மாறியிருப்பதுதான் அகற்றும்போது நேரும் கிராஷ்களுக்குப் பெரும்பாலும் காரணம்.

கருவிகள் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

நினைவகப் பிழையென்று தோன்றினால், கேசான் என்னும் நினைவகப் பிழை காட்டியை இயக்கிக் கெர்னலை மறுபடி கம்பைல் செய்யுங்கள். 2015இல் 4.0 பதிப்போடு சேர்ந்த இது, ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் நினைவகம் வைத்து, தவறான தொடுகை நிகழும் அதே கணத்தில் பிடிக்கிறது. தொட்டவரின் ஸ்டாக்கோடு, அந்த நினைவகத்தை ஒதுக்கியவரின் ஸ்டாக்கையும் விடுவித்தவரின் ஸ்டாக்கையும் சேர்த்துக் காட்டும். இந்த மூன்றும் கையில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் மேலே சொன்ன டேக் மறுபயன்பாட்டுப் பிழையைக் கேசான் காணாது, ஏனென்றால் கோரிக்கையின் நினைவகம் விடுவிக்கப்படுவதே இல்லை, கைமாறுகிறது அவ்வளவுதான். அதுபோலச் சாதனம் டிஎம்ஏ வழியாக, சிபியூவின் தலையீடின்றி நினைவகத்தில் நேரடியாக எழுதுவதையும் அது காணாது. அது சிபியூவின் தொடுகைகளை மட்டுமே கண்காணிப்பது. கேசான் அமைதியாக இருப்பதால் டிரைவர் தூயதென்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

டிஎம்ஏ பக்கத்துக்கு வேறு இரண்டு வசதிகள் உண்டு. டிஎம்ஏ ஏபிஐ பிழைத்திருத்தத் தேர்வு, ஒதுக்கலும் விடுவிப்பும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும். சாதனங்கள் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ வன்பொருளைக் கண்டிப்பான முறையில் இயக்கினால், விடுவித்த இடத்தில் சாதனம் எழுத முயலும்போது அது தடுக்கப்பட்டுப் பதிவில் ஒரு வரி வரும்; தளர்ந்த முறையில் விடுவித்த பின்னும் சிறிது நேரம் கதவு திறந்திருக்கும். பூட்டு வரிசைப் பிழைகளுக்கு லாக்டெப்பும், உறங்கக் கூடாத இடத்தில் உறங்குவதைக் காட்டும் தேர்வும் இருக்கின்றன. லாக்டெப்பின் சிறப்பு, முடக்கம் (ஒருவருக்கொருவர் பூட்டுக்காகக் காத்து நிற்கும் டெட்லாக்) உண்மையில் நடக்க வேண்டியதில்லை என்பதே. இரண்டு பூட்டுகள் இரண்டு இடங்களில் எதிரெதிர் வரிசையில் எடுக்கப்பட்டதைக் கண்டாலே சொல்லிவிடும்.

டிரைவரில் செய்திகளை அச்சிட்டுப் பார்க்கும் பழக்கம் நல்லதுதான், ஆனால் அச்சிடுவது மெதுவான செயல். சிபியூக்களின் போட்டியால் எழும் பிழை, ஓர் அச்சு வரியைச் சேர்த்ததும் மறைந்துவிடும். அங்கே டிரேஸ் இடையகத்துக்கு (நினைவகத்திலேயே வேகமாகப் பதிந்துவைக்கும் இடத்துக்கு) எழுதும் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். ஊப்ஸ் வரும்போது அந்த இடையகத்தைக் கன்சோலில் கொட்டவும் ஒரு தொடக்க அளவுரு உண்டு.

டிரைவரை மாற்றி மறுபடி கம்பைல் செய்த பின் எந்த மாற்றமும் தெரியவில்லையென்றால், கணினி எழும்போது முதலில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பித்தீர்களா என்று பாருங்கள். டிஸ்க் டிரைவர் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஏற்றப்படுகிறது. புதுப்பிக்காவிட்டால் ஓடிக்கொண்டிருப்பது பழைய மாட்யூல்.

மீண்டும் நிகழச் செய்தலும் பைசெக்ட்டும்

எஃப்ஐஓ கருவியால் பல வரிசைகளில் கடும் பளு கொடுத்தபடியே, சாதனத்தை ரீசெட் செய்வது, சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் வழியாக அகற்றி மீண்டும் சேர்ப்பது, சிபியூக்களை ஆஃப்லைன் ஆக்குவது ஆகியவற்றைச் செய்து பாருங்கள். பிழைகள் குடியிருப்பது இயல்பான பாதையில் அல்ல, இந்த ஓரங்களில்தான். கெர்னலின் பிழை உட்செலுத்தும் வசதியால் செயற்கையாகக் காலக்கெடுவையும் தோல்வியையும் வரவழைக்கலாம். கியூஎமு என்னும் மெய்நிகர்க் கணினி மென்பொருளில் மெய்நிகர் என்விஎம்இ டிஸ்கோடு கெர்னலை ஓட்டி, ஜிடிபி என்னும் பிழைத்திருத்தியை இணைத்தால், வரி வரியாகப் பின்தொடரலாம்; முகவரிகள் இடம் மாறாதிருக்க, முகவரிக் குலுக்கலை நிறுத்தும் அளவுருவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்பு சரியாக ஓடிய பதிப்பு ஒன்று உண்டென்றால், இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் வழிகாட்டும். 10,000 மாற்றங்களுக்கிடையே ஏறத்தாழ 14 சோதனைகளில் குற்றவாளியைக் காட்டிவிடும். தற்செயலாக நிகழும் கிராஷ்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கிராஷ் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறதென்றால், பழுதுள்ள கெர்னல் ஒரு மணி நேரம் ஓடியும் விழாமலிருக்க 37 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மூன்று மணி நேரம் ஓட்டினால் அது 5 விழுக்காடாகக் குறையும், ஆனால் வழியில் பழுதுள்ள ஏழு கெர்னல்களைச் சோதிக்க நேர்ந்தால், ஒன்றையாவது நல்லதென்று தவறாகக் குறிக்கும் வாய்ப்பு 30 விழுக்காட்டை எட்டிவிடும். ஒரே ஒரு தவறான குறியும் பைசெக்ட்டை முற்றிலும் வேறு இடத்துக்கு இட்டுச்செல்லும். எனவே சராசரி நேரத்தைப் போல ஐந்து மடங்காவது ஓட்டிய பிறகே நல்லதென்று குறியுங்கள். அல்லது பளுவை மாற்றி, கிராஷ் விரைவாக வரும்படி செய்த பின் பைசெக்ட்டைத் தொடங்குங்கள். இரண்டாவது வழியில் செலவிடும் நேரம் எப்போதும் மிச்சமாகத் திரும்பி வரும்.

திருத்திய பின்

திருத்தம் பிழையின் காரணத்தைத் தொடுகிறதா, நேரத்தை மட்டும் நகர்த்துகிறதா என்று பாருங்கள். சிறு தாமதத்தைச் சேர்ப்பதால் கிராஷ் நின்றால் அது திருத்தம் அல்ல. இந்தச் சிபியூ இதைச் செய்யும்போது அந்தச் சிபியூ அதைச் செய்தால் என்று தொடங்கி, நிகழ்வுகளின் வரிசையை எழுத்தில் முழுமையாக விளக்க முடிய வேண்டும். விளக்கத்தில் ஒரு கண்ணி விடுபட்டாலும் தேடலைத் தொடருங்கள். பிறகு, பிழை முன்பு வந்த அதே பளுவில், திருத்தம் உள்ள கெர்னலையும் இல்லாத கெர்னலையும் மாறி மாறி ஓட்டி உறுதிசெய்யுங்கள். எக்ஸ்86இல் மட்டும் சோதித்திருந்தால், ஆர்ம் கணினியிலும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. நினைவக எழுத்துகளின் வரிசையை எக்ஸ்86 கண்டிப்பாகக் காப்பதால் மறைந்திருக்கும் நினைவகத் தடுப்புக் (மெமரி பேரியர்) குறைபாடுகள் ஆர்மில் வெளிப்படும்.

திருத்தம் கைவசம் இல்லாவிட்டாலும் பிழையைத் தெரிவிக்கலாம். கெட் மெயின்டெய்னர் என்னும் ஸ்கிரிப்ட், அந்தக் கோப்புக்குப் பொறுப்பானவர் யார் என்று சொல்லும். அவருக்கு எழுதும்போது, கெர்னலின் துல்லியமான பதிப்பு, கன்ஃபிக் கோப்பு, முதல் ஊப்ஸின் முழு உரை, அதற்கு முந்தைய சில நூறு வரிகள், டிஸ்கின் ஃபர்ம்வேர் பதிப்பு, மீண்டும் நிகழச் செய்யும் கட்டளை ஆகியவற்றை வெறும் உரையாகவே அனுப்புங்கள். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் அதில் தேடவோ, முகவரிகளை நகலெடுத்து ஸ்கிரிப்டில் இடவோ முடியாது. நினைவகக் கோப்பைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். கடவுச்சொற்களும் சாவிகளும் உட்பட அந்தக் கணத்தில் ரேமில் இருந்த அனைத்தும் அதில் இருக்கும்.